மௌனத்தை வெட்டச் சொன்னார்கள்

இன்று துறைமுகப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு ஸ்பீக்கர் பூட்டப் போனேன். நாளைக்கு அங்கே பிள்ளைகளின் நாடகம்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பழக்கும் ரீச்சர் நான் பிறக்க முதலே நாடகம் சொல்லிக்கொடுத்தவர். மைக் இல்லாமலே பிள்ளைகளின் குரல் கடைசிக் கதிரை வரை வந்தது.

நாடகத்தில் அப்பா படகை விற்றுவிட்டார் என்று தெரிந்ததும், மகளாக நடித்த பிள்ளை பேசாமல் நின்றாள். மண்டபமே அடங்கிய பிறகுதான் "ஏனப்பா?" என்றாள். நான் கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது அதிபர் வந்தார். "தம்பி, வசனம் முழுக்க இப்பவே ரெக்கோர்ட் பண்ணும். நாளைக்கு அதைப் போட்டா, பிள்ளையள் வாயை அசைச்சாப் போதும். பெரிய ஆக்கள் வருகினம், பிழைக்கக்கூடாது."

"தேவையில்லை சேர். எல்லாம் வடிவாக் கேக்குது."

"உம்மை ஸ்பீக்கர் பூட்டத்தான் கூப்பிட்டனாங்கள்."

ரெக்கோர்ட் பண்ணினோம். போட்டுக் கேட்ட அதிபர், "இதில ஏன் சத்தம் நிண்டுபோச்சு? வெட்டும்" என்றார்.

"அது பழுதில்லை சேர், அதுதான் நடிப்பு" என்றார் ரீச்சர்.

"சனம் மெஷின் பழுதெண்டுதான் நினைக்கும், ரீச்சர்."

வெட்டினேன். படகு விற்றது தெரிந்த மறுகணமே மகள் "ஏனப்பா?" என்கிறாள். கடையில் விலை கேட்பதுபோல இருக்கிறது.

நான் வயர் சுற்றும்போது, ரீச்சர் பிள்ளைகளை நிறுத்தி, ஸ்பீக்கருக்கு ஏற்றபடி வாயைத் திறந்து மூடப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நான் எந்த இடத்தில பேசாமல் நிக்கிறது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"நாளைக்கு ஏலாது, மகள்."

பாடசாலை மேடையில் சொந்தக் குரலில் பேசியவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். வாயசைத்தவர்கள் வழமைபோல லைக் போடலாம்.