கழற்றக்கூடிய அடிப்பலகை

மச்சானின் படகு கடலுக்குப் போய்த் திரும்பாமல் வாரங்கள் கடந்துவிட்டன. புருஷனின் உடுப்புகளை வைக்க ஒரு மரப்பெட்டி செய்து தரும்படி தங்கச்சி கேட்டாள். சாய்ந்தமருதில் எங்கள் வீடுகள் கடலுக்குக் கிட்ட. அலுமாரியில் கிடக்கும் துணியும் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். நான் தச்சுவேலை செய்பவன். அவளுக்கு அதைவிட்டால் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டியில் பாரம் தாங்குவது அடிப்பலகை. சிலர் அதைக் கீழே வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பெட்டியை நாலு தரம் தூக்கி வைத்தால் ஆணி கழன்று அடி தொங்கும். நான் காடி வெட்டுவேன். பக்கப் பலகைகளின் உட்புறத்தில், கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, நீளமாக ஒரு பள்ளம். மூன்று பக்கங்களைப் பூட்டி, அந்தப் பள்ளத்துக்குள் அடிப்பலகையைத் தள்ளி, நாலாவது பக்கத்தால் மூட வேண்டும். பசை பூசக் கூடாது. மாரியில் பலகை ஊதும், அதற்கு இடம் வேண்டும்.

மூன்று பக்கமும் பூட்டியிருந்தபோது தங்கச்சி பட்டறைக்கு வந்தாள்.

“காக்கா, இத மூடினா அடிப்பலகையத் திரும்ப எடுக்கலாமா?”

“ஏலா புள்ள. பெட்டிய உடைக்கணும்.”

“அப்ப இப்பிடி வேணா. அவரு வந்தா எனக்கு என்னத்துக்குப் பெட்டி? பலகையக் கழட்டி, வலை வைக்க ஒரு தட்டு அடிச்சிருவாரு.”

அதற்கு முதல்நாள்தான் வீட்டுப் பெண்கள் அவளை வெள்ளை உடுத்து, விதவைகள்போல அறைக்குள் ஒதுங்கி இத்தா இருக்கச் சொல்லியிருந்தார்கள். “மையத்தக் காணாம இத்தா இரிக்கவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருந்தாள். நான் நாலாவது பக்கத்தையும் பூட்டினேன். பெட்டிக்குள் சுற்றிவர மெல்லிய சட்டங்களை அடித்து, அவற்றின்மேல் அடிப்பலகையை ஆணியில்லாமல் வைத்தேன். வெட்டிய காடி வெறும் கோடாக நின்றது.

மழை தொடங்கிய பிறகு, தெற்கே வெகுதூரத்தில் மச்சானின் படகு கவிழ்ந்து மிதப்பதாகத் தகவல் வந்தது. படகின் இலக்கத்தைப் பார்த்து உறுதி செய்தார்கள். ஆட்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் மையத்து இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடந்தது. முன்னால் உடல் வைக்கும் இடத்தில் வெறும் தரை. இமாமின் தக்பீருக்குக் கை கட்டி, அந்தத் தரையையே பார்த்து நின்றேன்.

தொழுதுவிட்டு நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வெள்ளை உடுத்து அறைவாசலில் நின்றிருந்தாள்.

“தொழுதிட்டீங்களா காக்கா?”

“ஓம் புள்ள.”

“சனம் வந்திச்சா?”

“பள்ளி நிறைய வந்திச்சி.”

“உள்ளுக்க எல்லாருக்கும் எடம் இருந்திச்சா? மழைல ஆரும் நனஞ்சாங்களா?”

“நனையல்ல.”

தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.