சித்தப்பாவின் ரகசியமும் மிரியம் போட்ட படமும்

புதிதாகப் பிடுங்கிய மல்லாட்டையை உப்புப் போட்டு அவிக்கும்போது ஒரு மண் வாசனை வரும்... வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு யூதக் குடும்பம் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டிய வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி வசந்தா, அவர்கள் பையன் செந்தில், நான். ஒரே சமையல், ஒரே குளியலறை. நான் நாளிதழில் நிருபராகச் சேர்ந்திருந்த புதிது.

மாடியில் மிரியம் என்ற இஸ்ரேல்காரர் குடியிருந்தார். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வருவார், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் டிவிடியோடு இறங்கி வந்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்துக் கதையாம். ஒரே வீட்டில் ஒட்டி வாழ்ந்த ஒரு யூதக் குடும்பத்தைப் பற்றிய சிரிப்புப் படமாம். "எங்க வீடு மாதிரியே இருக்கும். தனியா பார்த்தா சிரிப்பு வரல" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். படத்தில் பேச்சு அவர்கள் மொழியில். கீழே ஆங்கில எழுத்து. அதைத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

செந்திலின் காலேஜுக்காக சித்தப்பா வேலூருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். அங்கே வீடும் பேசி முடித்தாகிவிட்டது. இது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பால்காரருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. தாத்தா போன பிறகு தம்பியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். தம்பி தனியாகப் போகிறான் என்றால் உடைந்துவிடுவாரோ என்று சித்தப்பாவுக்குப் பயம். தினமும் "நாளைக்குச் சொல்றேன்" என்று தள்ளிக்கொண்டே போனார்.

நடுவில் ஒரு தட்டு அவித்த மல்லாட்டையோடு படம் ஓடியது. ஒரு மேசை, அது கொள்ளாத அளவுக்கு ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"யாரு பேசறாங்கன்னு சொல்றா," என்றார் அப்பா.

"எல்லாரும்ப்பா."

"அப்ப சரி. நம்ம வீடுதான்."

படத்தில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். அந்த வீட்டம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கைகளால் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். எங்கள் அம்மா சட்டென்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தியும் எழுந்தார். எதற்கென்று தெரியாமல் மிரியமும் எழுந்து நின்றார்.

"வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கறாங்க பாரு வசந்தா. நம்மள மாதிரியேதான்."

அடுத்த காட்சியில் அதே மேசைக்குத் தட்டு நிறைய மீன் வந்தது. அம்மா மெல்ல உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழமையா மீனு?"

"அவங்க ஊர்ல பரவால்ல போல, அக்கா."

"வெளக்கு அணைஞ்ச பிறகாவது சாப்டக்கூடாதா..."

அதற்குப் பிறகுதான் வினை. படத்தில் மூத்த மகன் வேறு ஊரில் ரகசியமாக வீடு பார்த்துவிட்டான். அம்மாவிடம் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தம்மா அவன் வாயில் எதையாவது ஊட்டிவிடுகிறார். மிரியம் ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்கூட்டியே சிரித்தார். சித்தியின் கையில் மல்லாட்டை உரிபடாமல் நின்றது. மாற்றிச் சொல் என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார்.

சித்தப்பா எழுந்தார். "தலவலிக்குது. ஒரு டீ சாப்ட்டு வரேன்ணா."

"உக்காருடா. கத இப்பதான் சூடு புடிக்குது."

உட்கார்ந்தார்.

எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி சொல்வதுதான் என் தொழில். சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்தம்மா அலமாரியைத் திறந்து, துணியில் கட்டிய பாத்திரங்களை மகன் முன்னால் வைத்தார். நான் படித்தேன்: "உன் புது வீட்டுக்கு எடுத்து வச்சிருக்கேன். நீயே சொல்லுவேன்னுதான் காத்துட்டு இருந்தேன்."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா ஒரு மல்லாட்டையை உடைத்தார்.

"வேலூர்ல தண்ணி நல்லா வருதாடா?"

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "ணா..." என்றார்.

"அந்த வீட்டுக்காரரு போன மாசமே போன் பண்ணிட்டாரு. நீ நம்ம வீட்டு நம்பரத்தான குடுத்திருக்க. குடி வரவரு எப்பிடின்னு எங்கிட்டயே விசாரிச்சாரு."

சித்தி மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னீங்க மாமா?"

"தங்கமான பையன்னேன். குளிக்கப் போனா அர மணி நேரம், மோட்டார் ஜாஸ்தி ஓடும், அத மட்டும் பாத்துக்கங்கன்னேன்."

சித்தப்பா சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மிரியம் பதறிப்போய்ப் படத்தை நிறுத்திவிட்டு, தெரிந்த தமிழில் எங்களைத் தேற்றினார். "காமெடி... இது காமெடி."

"தெரியுதும்மா. போடுங்க," என்றார் அப்பா. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அந்தப் பெரிய இட்லி குண்டான அவங்களுக்கு எடுத்து வை. இனிமே நமக்கு எதுக்கு அத்தாம்பெருசு" என்றார்.

இப்போது அப்பா இல்லை. அதே வீட்டில் குளியலறை மூன்று, குளிக்க இரண்டு பேர். படம் பார்ப்பதென்றால் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஒயர். யாரும் யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் வேலூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"டேய், மிரியம் அம்மா போட்டாங்களே, அந்தப் படம் கெடைக்குமா?"

"எதுக்கு சித்தப்பா?"

"செந்தில் பெங்களூர்ல ஃபிளாட் பாத்திருக்கான். இன்னும் எங்கிட்ட சொல்லல. ஞாயித்துக்கெழம மத்தியானம் எல்லாரையும் உக்கார வெச்சுப் போடலாம்னு பாக்கறேன். நீ வந்து படிச்சுச் சொல்லணும்."

செந்தில் என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டான். அதைக் காட்டிக்கொள்ளாமல், "இப்பல்லாம் கீழ தமிழ்லயே எழுத்து வரும் சித்தப்பா" என்றேன்.

"வரட்டும். நீ படி."