விளக்குமாற்றை எடுக்காத முதலாளி

கரவனெல்லயிலிருந்து வரும் காலை பஸ் என் டிஸ்பென்சரி வாசலில் நிற்பது வழக்கமில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை நின்றது. டிரைவர் சின்னப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"டாக்டர் ஐயா, மொதலாளி நம்மள விட்டுட்டுப் போயிட்டாருங்க. விடியக்காலம் ஆஸ்பத்திரியிலதான். மய்யத்த லொறியில கொண்டாராங்க. ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு அவரு மகன் சொல்லிவிட்டாருங்க."

எங்கள் சிறு பட்டணத்தில் முதலாளிமாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் முதலாளி என்றால் அது உதுமான் லெப்பை முதலாளி ஒருவரையே குறிக்கும். அவருடைய மரணச் செய்தி எனக்கு முதலில் வந்தது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் சனிட்டரி போர்டில் அவரோடு ஊரறிய மல்லுக்கு நின்றவன் நான். அவர் காக்க நினைத்த பழைய கடைவீதியை உடைக்க வேண்டும் என்று முதலில் பிரேரணை கொண்டுவந்தவனும் நானே. இருந்தும் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. கூட இருந்தவர்களுக்கு அவருடைய அன்பு தெரியும். எதிரே நின்ற எனக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும்.

அவருடைய முன்னோர் தவளக்காரர்கள். கண்டி அரசர் காலத்திலிருந்தே பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, பாக்கும் மிளகும் கொண்டு போனவர்கள். அந்த மாடுகள் இளைப்பாறிய இடத்தில் முளைத்ததுதான் எங்கள் கடைவீதி. இருபுறமும் ஓட்டுக் கூரை. கூரையைத் தாங்கும் பலாமரத் தூண்கள். கடைகளுக்கு முன்னால் ஒன்றையொன்று தொட்டபடி ஓடும் விறாந்தைகள். ஒரு முனையில் ஏறினால் மறுமுனை வரை தலை நனையாமல் நடக்கலாம். எங்கள் பக்கத்து மழையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, மருந்து கலக்கக் கற்றவன். டிஸ்பென்சரி திறக்க இடம் தேடி இந்த ஊருக்கு வந்த நாளில் கொட்டு கொட்டென்று மழை. டிரங்குப் பெட்டியோடு ஒரு கடை விறாந்தையில் ஒதுங்கினேன். எந்த ஊர், என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு கோப்பை வெறுந்தேநீர் வந்தது. கடையை உள்ளிருந்து பெருக்கிக்கொண்டே வந்த சிப்பந்தி, என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே விளக்குமாற்றை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனான். குப்பை படியோரம் அப்படியே கிடந்தது. ஏன் என்று கடைக்காரரைக் கேட்டேன். வெள்ளைத் தொப்பியும் சாரமும் அணிந்த மெலிந்த மனிதர். அவர்தான் உதுமான் லெப்பை.

"ஆள் குந்தி ஈக்கக்குள்ள வெளக்குமாத்த எடுத்தா, எழும்பிப் போ எண்டு செல்ற மாதிரி. எங்கட கடவீதியில அப்படிச் செய்ற இல்ல" என்றார்.

அது எழுதாத சட்டம். விறாந்தையில் ஆள் இருக்கும்வரை கடைக்காரர் யாரும் அங்கே கூட்டுவதில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் தோட்டத்து மக்களுக்கு ஊரில் வேறு ஒதுக்கிடம் ஏது? ரெஸ்ட்ஹவுஸ் துரைமாருக்கு. அரசாங்கக் கச்சேரிப் படியில் பியூன் விரட்டுவான். கம்பளியைப் பிழிந்து போட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு பெண்ணுக்கு அந்த விறாந்தையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

பிறகு மோட்டார் பஸ் வந்தது. இரண்டு மாட்டுவண்டிகள் உரசிக்கொண்டு போகிற தெருவில் பஸ்ஸும் லொறியும் புகுந்தால் என்னவாகும்? தெருவே அடைத்துக்கொள்ளும். ஒருநாள் தோட்டத்திலிருந்து ஒரு பிரசவக்காரியை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடைவீதி நடுவில் ஒரு வண்டி அச்சு முறிந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், அந்தக் கூச்சலுக்கு நடுவில், லொறியிலேயே பிள்ளை பிறந்தது. தாய் பிழைத்தாள். பிள்ளை அழவே இல்லை. அந்தத் தாயின் கை என் சட்டையைப் பிடித்திருந்த பிடியை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

அடுத்த போர்டுக் கூட்டத்தில் என் பிரேரணையை வைத்தேன். விறாந்தைகள் நிற்பது தெருவுக்குரிய அரசாங்க நிலத்தில். அவற்றை அகற்றிப் பாதையை அகலமாக்க வேண்டும் என்றேன். போர்டுக்குத் தலைவரான உதவி அரசாங்க ஏஜண்டு துரை தலையாட்டினார். சிங்களப் பிரதானியான ரட்டே மஹத்தயாவோ, அரசர் காலத்து வீதியை உடைப்பது பாவம் என்று நீளமாகப் பேசினார். முதலாளி தம் பக்கம் பேசியவரையே மறுத்தார்.

"பழசு எண்டு வெச்சிக்கொள்ளச் செல்லி நான் கேக்க இல்ல. எண்ட பல்லும் பழசுதான், ஆடினா புடுங்கத்தான் வேணும். மழைக்கு அந்தச் சனம் எங்க போற எண்டு செல்லுங்க. அது மட்டும்தான் எண்ட கேள்வி."

கூட்டம் முடிந்தால் இருவரும் ஒரே குடையில் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். ஒருநாள் நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்க படுத்துக்கொண்டு போறவங்களுக்காகப் பேசுறீங்க டாக்டர் ஐயா. நான் நடந்து வாறவங்களுக்காகப் பேசுறேன். ரெண்டும் ஒரே சனம்தானே?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒரே சனம்தான் முதலாளி. ஆனா உசிரு போறது படுத்துக்கிட்டுப் போறவங்களுக்குத்தான்" என்றேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். அவருடைய ஒரு தோள் நனைந்துகொண்டே வந்தது.

நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக உதவி ஏஜண்டு துரை நாள் குறித்தார். விறாந்தைகள் சுத்தமாயிருந்தால் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர்கள் தூணுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். பார்க்க வரும் நாளில் பேய்மழை. தோட்டத்துப் பாதையில் மண் சரிந்துவிட, சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போக வழியின்றி விறாந்தைகளில் நிறைந்துவிட்டார்கள். துரை வரும் நேரம் நெருங்க நெருங்கக் கடைக்காரர்களுக்குப் பயம் பிடித்தது. பரம்பரை வழக்கத்தை மறந்து ஒவ்வொருவராக விளக்குமாற்றை எடுத்தார்கள். எழுந்தவர்கள் எங்கே போவார்கள்? எல்லோரும் முதலாளியின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தார்கள். சேறு, வெற்றிலை எச்சில், ஈரக் கம்பளி, அழுகிற பிள்ளைகள். வீதி முழுவதும் பளிச்சென்றிருக்க, அவர் வாசல் மட்டும் சந்தை முடிந்த இடமாய்க் கிடந்தது.

துரையின் கார் வந்து நின்றதும் அங்கேதான். பக்கத்துக் கடை அப்புஹாமி பதறிப்போய்த் தன் விளக்குமாற்றையே கொண்டுவந்து நீட்டினார். "அதுகான்ன முதலாளி, அதுகான்ன!" கூட்டுங்கள் என்று கெஞ்சினார். பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணும் நிலைமை புரிந்து எழுந்துவிட்டாள்.

"நாங்க அந்தாண்ட போயி நின்னுக்கிறோம் மொதலாளி. எங்களால ஒங்களுக்கு எதுக்குங்க பொல்லாப்பு?"

"குந்துங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

ஏன் கூட்டவில்லை என்று துரை கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். "அவங்க ஈக்கிறாங்க தொர. எழும்பின பொறகு கூட்டுவன்" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஊர் வழக்கத்தையும் விளக்கினேன். எதிர்க்கட்சிக்காரன் என்றாலும் அதில் நான் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. துரை சிரித்தார். சோம்பலுக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். விறாந்தைகள் நோய்க்கு இருப்பிடம், அகற்றப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதாவது, நான் ஜெயித்தேன்.

அன்று மாலை கடைக்காரர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. என்னாலும் பொறுக்க முடியவில்லை. "ஒரு தரம் கூட்டியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே முதலாளி?" என்று கேட்டேன்.

"கூட்டினா விறாந்த மிஞ்சும். அவங்கள எழுப்பிட்டு அந்த விறாந்த எனக்கு என்னத்துக்கு டாக்டர் ஐயா?"

போர்டு ஆட்கள் வருமுன்னே அவர் தச்சர்களை வரவழைத்தார். கடையின் முன்சுவரைத் தாமே இடித்தார். தெருவுக்குப் போக வேண்டிய நிலத்தை விட்டுவிட்டு, சுவரைத் தம் சொந்த நிலத்துக்குள் பின்னுக்குத் தள்ளிக் கட்டி, அதன் முன்னால் புதிதாக ஒரு விறாந்தை இறக்கினார். கடை பாதியாகச் சுருங்கியது. கடையை ஒட்டியிருந்த வீட்டின் முன்னறையும் போயிற்று. நான் போய்ப் பார்த்தபோது திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி சுலைகா உம்மா பேசினார்.

"டாக்டர் ஐயா, இந்த மனிசருக்குப் புத்தி செல்ல வந்தீங்களா? வீண் வேல. முன்னறை போனா போகட்டும். உள்ளுக்கு எனக்கு எடம் மிச்சம் ஈக்கி. மழைக்கு அதுகளுக்குத்தான் எடமில்ல."

அப்புஹாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "முதலாளிட்ட பிஸ்ஸுத?" முதலாளிக்குப் பைத்தியமா என்று ஊரே கேட்டது.

பாதை அகலமாயிற்று. மற்றக் கடைகள் தெருவைப் பார்த்து மொட்டையாக நின்றன. அடுத்த மழைக்காலம் வந்தது. நனைகிறவன் எங்கே போவான்? கூரை இருக்கும் இடத்துக்குப் போவான். போன இடத்தில் நின்றவன் புகையிலையும் சவர்க்காரமும் அங்கேயே வாங்குவான். அப்புஹாமியின் கடையில் ஈ ஓட்டினார்கள். மழை ஓய்வதற்குள் அவரும் தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அடுத்த கடைக்காரர், அவருக்கும் அடுத்தவர் என்று மலைப்பக்கத்து வரிசை முழுவதும் சுவரைப் பின்னுக்குத் தள்ளியது. யாரும் தர்மத்துக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதலாளியிடம் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "தர்மத்துக்குச் செஞ்சாலும் ஏவாரத்துக்குச் செஞ்சாலும் மழ ஒண்டுதானே" என்றார்.

ஆற்றுப்பக்கத்து வரிசையில் அதற்கு இடமில்லை. கடைகளுக்குப் பின்னால் பள்ளம். அந்தப் பக்கம் இன்றும் மொட்டைதான். பழைய பலாமரத் தூண்களும் போனவை போனவைதான். பாதை வேண்டும் என்று நான் கேட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தப் பாதையில் உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களை நான் அறிவேன். ஆனால் என் வெற்றியில் ஒரு ஓட்டை இருந்தது. அதைத் தம் வீட்டு முன்னறையைக் கொடுத்து அடைத்தவர் அவர்.

சென்ற மாதம் நெஞ்சு வலி வந்தபோது நான்தான் அவரைக் காரில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பின்சீட்டில் படுத்திருந்தவர், கடைவீதியைத் தாண்டியதும் கண்ணைத் திறந்தார். "கெதியா வந்திட்டோமே டாக்டர் ஐயா. ஒங்கட பாத நல்லம்." நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அடக்கம் அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல். வழக்கம்போல மழை. விறாந்தைக் கூரை தாழ்வு. மய்யத்தை வைத்துத் தோளில் சுமந்த சந்தூக்கை அதற்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே, தம் ஊரில் யாரும் நனையக்கூடாது என்றிருந்த மனிதர் நனைந்துகொண்டே நடுப்பாதையில் போனார். விறாந்தை நெடுகத் தோட்டத்து மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சந்தூக் நெருங்கியதும் அவர்கள் எழுந்தார்கள். யாரும் எழுப்பவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மழையில் இறங்கிப் பள்ளிவாசல் வரை பின்னால் நடந்தார்கள்.

மையவாடியிலிருந்து திரும்பி வந்தேன். முதலாளியின் விறாந்தை அன்றுதான் ஆளில்லாமல் கிடந்தது. சேறும் வெற்றிலைத் துணுக்குகளும். கதவோரம் விளக்குமாறு சாய்ந்திருந்தது. எழும்பிய பிறகு கூட்டுவேன் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்காக நானே கூட்டிவிடலாம் என்று அதைக் கையில் எடுத்தேன். அதற்குள் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு மழையிலிருந்து படியேறி வந்து, தூணோரம் உட்கார்ந்தாள்.

நான் விளக்குமாற்றை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தேன்.

போய் வாருங்கள் முதலாளி. இங்கே ஆள் இருக்கிறார்கள்.