அடுத்த தொகுதிக்காரி

எங்கள் வீட்டில் ஒரு பிரிட்டிஷ் எம்.பி. பதின்மூன்று வருஷம் குடியிருந்தார். ஆள் ஒருநாள்கூட வந்ததில்லை, கடிதமாகத்தான் வந்தார். ஆனால் ஆளாக வந்து தங்கியிருந்தால்கூட இத்தனை இம்சை இருந்திருக்காது.

அப்பா அறுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா வந்து, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். இங்கிலாந்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் இரண்டு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அப்பா கொண்டுபோன புளியோதரையில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போயிற்று. அவர் ஊருக்குத் திரும்பி, வக்கீலுக்குப் படித்து, நகரசபையில் ஜெயித்து, பார்லிமெண்டுக்கு நின்று இரண்டு தடவை தோற்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக எம்.பி. ஆனார். அதுவரை புத்தாண்டு வாழ்த்து மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. அவர் எம்.பி. ஆனாரோ இல்லையோ, எனக்குச் சனியன் பிடித்தது.

ஏனென்றால் வீட்டில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான்தான். மத்திய அரசு அலுவலகத்தில் நாள் முழுக்க ஸ்டெனோ வேலை பார்த்து, பஸ்ஸில் நசுங்கி பெஹாலாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, காலை நீட்டியிருக்க மாட்டேன். "ஏட்டி, ஒரு லெட்டர் இருக்கு. சின்னதுதான்" என்று வந்து நிற்பார். சின்னது என்றால் மூன்று பக்கம்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் இறங்கித் தபாலாபீஸ் போவார். எதற்கு? அவருடைய எம்.பி.யின் ஊரில் புறவழிச்சாலை ஆற்றுக்கு இந்தப் பக்கம் போக வேண்டுமா, அந்தப் பக்கம் போக வேண்டுமா என்று அபிப்பிராயம் சொல்வதற்கு! எங்கள் வார்டு கவுன்சிலர், தெருக்காரர்கள் அண்ணன் என்கிற அர்த்தத்தில் வங்காளத்தில் 'தாதா' என்று கூப்பிடுகிறவர், நாலு வீடு தள்ளித்தான் இருந்தார்.

"அந்த தாதாகிட்டப் போயி நம்ம சாக்கடையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்பேன்.

"அவன் பதில் போடுவானாட்டி?" என்பார் அப்பா.

அவருடைய எம்.பி. பதில் போடுவார், அதை மறுக்க முடியாது. ஆறு வாரத்துக்குள் பார்லிமெண்ட் முத்திரை பதித்த தடித்த உறை வந்துவிடும். அப்பா உடனே பிரிக்க மாட்டார். சாயங்காலம் காப்பி குடித்து முடித்ததும் எழுந்து நின்று, "கேளுங்க" என்பார். தேதியில் ஆரம்பித்துக் கையெழுத்து வரை, இடையில் நிறுத்தாமல் படிப்பார். அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது. பாலே பொங்கி வழிந்தாலும் வழிந்ததுதான். அந்த மனிதர் மந்திரி ஆகவில்லை, பேப்பரில் பெயர் வந்ததும் இல்லை. மீன்வளம் பற்றிய ஒரு குழுவில் இருந்தார், கிராமத்து பஸ் நின்றுபோனது பற்றிப் பேசினார். எங்கள் வீட்டுச் சுவரிலோ அவருடைய தொகுதி மேப் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா லேக் மார்க்கெட்டுக்குக் காப்பிப்பொடி வாங்கப் போனால் அங்கே வருகிற நம் தமிழ் ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். "சார், உங்க எம்.பி.கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" இங்கிலாந்தில் இருக்கிற ஒருவர் மகனுக்கு விசா நீட்டிப்பு, அங்கேயே இருக்கிற இன்னொருவர் மருமகளுக்குப் படிப்பில் இடம். அப்பா எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வருவார். டைப் அடிப்பது நான்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சம்பந்தப்பட்டவர் வேறு தொகுதியில் வசிப்பதால் நான் தலையிட இயலாது, அந்தத் தொகுதி உறுப்பினரை அணுகச் சொல்லுங்கள், இது எங்கள் சபையின் வழக்கம். அந்த நாட்டில் ஓர் எம்.பி. இன்னோர் எம்.பி.யின் தொகுதிக்காரர் விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டாராம். முடியாது என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் பெருமை தாங்காது. "பாத்தியா ஒழுங்க!" என்பார். நல்லா இருக்கே கதை! அப்புறம் எதற்கு நான் விரல் தேய டைப் அடிக்க வேண்டும் என்று கேட்டால், கேட்டவர்கள் மனது நோகக் கூடாதாம். அவர்களில் சிலருக்கு எப்படியோ காரியம் நடந்துவிடும். "அது அதுபாட்டுக்கு நடந்திருக்கும்" என்று விட்டுவிடுவார்.

இந்தச் சமயத்தில் என் தங்கை கல்யாணமாகி இங்கிலாந்து போனாள். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்த ஊர் எம்.பி.யின் தொகுதிக்கு அடுத்த தொகுதி. அப்பா மேப்பில் அளந்து பார்த்தார், அரை விரல்கடை. "பக்கத்துலதான் இருக்கோம்னு போயி அவரத் தொந்தரவு பண்ணிராத" என்று அவளுக்கு போனில் புத்தி வேறு சொன்னார்.

மூன்றாவது வருஷம் அந்த மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான். தங்கை அங்கே இருப்பதற்கான அனுமதி அவனை ஒட்டித்தான் இருந்தது. அவள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷத்துக்கு வந்திருந்தாள். அதை முடித்துவிட்டால் வேலை கிடைக்கும், யார் தயவும் இல்லாமல் நின்றுகொள்வாள். அதற்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஓலை வந்துவிட்டது.

"யக்கா, ஒரே ஒரு வருசந்தான் கேக்கேன். அப்பாவ ஒரு லெட்டர் எழுதச் சொல்லு" என்று போனில் அழுதாள்.

ஒரு மணி நேரத்தில் டைப் அடித்து அப்பா முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ இருக்கது வேற தொகுதிலா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டைப்ரைட்டரைத் தூக்கி அடித்திருப்பேன். "லேக் மார்க்கெட்ல போறவன் வாறவனுக்கெல்லாம் எழுதுனீங்களே, அப்ப எங்க போச்சு தொகுதி?"

"அது அவுக கேட்டது. எனக்குன்னு கேட்டேம்னு வையி, இத்தன வருசமும் இதுக்குத்தான் எழுதிக்கிட்டிருந்தான்னு நெனைக்க மாட்டாரா?"

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாரு! பெத்த பிள்ளைப்பா!"

கையெழுத்துப் போடவே இல்லை. அவளையே அவளுடைய தொகுதி எம்.பி.யைப் பார்க்கச் சொன்னார். அவளும் போனாள். அங்கே எம்.பி.க்கள் சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து ஜனங்களின் குறையைக் கேட்பார்களாம். வரிசையில் நின்றாள். எழுதிக்கொண்டார்கள். பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் கெடு முடிந்துவிட்டது. நானோ வீம்பில், டைப் அடித்த கடிதத்தை அப்பாவின் எம்.பி. பைலுக்குள்ளேயே செருகி வைத்தேன். திறக்கிறபோதெல்லாம் கண்ணில் படட்டும், உறுத்தட்டும் என்று. "அப்பா மாட்டேங்காரு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். அந்தப் படிப்பை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. பெஹாலாவிலேயே ஒரு நர்ஸிங் ஹோமில், வருகிற நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. அப்பாவிடம் அவள் ஒரு சொல் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவளுக்கும் சேர்த்து நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சோறு உப்புக் கரித்தால்கூட அது இங்கிலாந்தில் போய்த்தான் முடியும்.

நாலைந்து வருஷம் கழித்து அங்கே தேர்தல் வந்தது. எம்.பி. தோற்றுப்போனார். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் ஆறுதல் கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'என் இளைய மகள் தங்கள் தொகுதிக்கு அடுத்த தொகுதியில் மூன்று ஆண்டுகள் வசித்து, அனுமதி நீட்டிக்கப்படாமல் திரும்பி வந்தாள், தங்கள் சபையின் வழக்கத்தை அறிந்தவனாதலால் நான் தங்களைத் தொந்தரவு செய்யவில்லை.' பீற்றிக்கொள்வதற்கு விஷயம் கிடைத்தது பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடித்தேன்.

பதில் வந்தது. மெல்லிய உறை, முத்திரை இல்லை, கைப்பட எழுதியிருந்தது. அப்பா வழக்கம்போல் காப்பி குடித்துவிட்டு எழுந்து நின்றார். "கேளுங்க." தங்கை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோட்டம் நன்றாக இருக்கிறது, மனைவிக்கு மூட்டுவலி, இனி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை என்றெல்லாம் போயிற்று. அப்புறம் இது வந்தது:

'அடுத்த தொகுதி எம்.பி.யும் நானும் வாராவாரம் ஒரே ரயிலில் போய்வந்தவர்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் உரியவரிடம் நானே கையில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதிய பதில் முறைக்காக எழுதியது. அந்த வழக்கம் எங்களுக்குள் மனத்தாங்கல் வராமலிருக்க நாங்கள் வைத்துக்கொண்டது. ஒரு தகப்பன் எழுதுவதை அது தடுக்கவில்லை. அத்தனை பேருக்காக எழுதினீர்களே நண்பரே, உங்கள் மகளுக்காக ஏன் எழுதவில்லை?'

அப்பா அத்தோடு நிறுத்திவிட்டு, கடிதத்தை மடிக்கப் போனார்.

"நிறுத்தாதீங்கப்பா" என்றாள் தங்கை, அரிவாள்மணையிலிருந்து நிமிராமல். "கையெழுத்து வரைக்கும் படிங்க."

படித்தார். ஆறேழு வரிதான் இருந்தது. அதைப் படிக்க அவருக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் என் டைப்ரைட்டர் மேல் ஒரு தாள் கிடந்தது. நான் அன்றைக்கு அடித்த அதே கடிதம், பழுத்துப் போயிருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து, புது மையில். அந்த மனுஷர் இனி எம்.பி.யே இல்லை, இவள் திரும்பி வந்து இத்தனை வருஷம் ஆயிற்று, இப்போது கையெழுத்து! "என்னப்பா இது?" என்று கத்தினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை சத்தம் கேட்டு வந்து தாளை எடுத்தாள். நின்றபடியே முழுசும் படித்தாள்.

"இத எப்ப அடிச்சே?"

"நீ போன் பண்ணுன அன்னைக்கே."

மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அப்ப நீயாவது ஒரு கையெழுத்தப் போட்டு அனுப்பிருக்கலாம்லா, யக்கா" என்றாள்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.