என் அளவில் தைத்த சட்டை

பொறாமை என்றால் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது ஒரு பிரெஞ்சுக்காரனின் தோள்கள். எதைப் போட்டாலும் அவனுக்கென்றே அளவெடுத்த மாதிரி அந்தத் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் நல்லவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

நான் மேலப்பாளையத்துப் பையன். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது இரண்டாயிரத்து இரண்டில். எங்கள் வீட்டில் முதல் வேலையாக என்னைத் திருநெல்வேலி டவுனுக்குக் கூட்டிப்போய் துணி எடுத்தார்கள். உடுப்பு விஷயத்தில் வாப்பாவிடம் பேச்சே கிடையாது. பால் வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் போவார். "வெளிய இறங்குனா நாலு பேரு பாப்பான்லா. படுக்கையில இருந்து எந்திரிச்ச மாதிரியா போவ?" என்பார். ஆறு பேன்ட், ஆறு சட்டை எடுத்தோம். ஒன்று தவிர எல்லாம் அவர் தேர்வு. அந்த ஒன்று உம்மா எடுத்தது. வெளிர் நீலத்தில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு போட்ட துணி. கடைக்காரர் மேஜை நிறைய விரித்துக் காட்டியும் திருப்தி வராமல், மேல் அலமாரியைக் கைகாட்டி இறக்கச் சொல்லி, என் நெஞ்சில் வைத்துப் பார்த்து, "இதுதான் என் பிள்ளைக்கு எடுப்பா இருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

அமெரிக்கா என்று கேள்விப்பட்டதும் டெய்லர் டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார். "அங்க போனா உடம்பு போட்டுரும் தம்பி. பாலும் வெண்ணெயுமாத் திம்பாங்க. எல்லாத்துலயும் ஒரு இஞ்ச் லூஸ் விட்டுருதேன்" என்றார். வாப்பாவும் தலையாட்டினார். உடம்பு போட்டுத் திரும்பி வரும் மகன் அவர் கண்ணில் அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு போடவில்லை. சமைக்கத் தெரியாது. ஹலால் கறி வாங்க வேண்டுமென்றால் கார் வேண்டும், கார் கிடையாது. முட்டையும் தயிர்ச்சோறுமாக ஓடிய அந்த முதல் மாதங்களில் நான் ஊரில் இருந்ததைவிட இளைத்துப்போனேன். டெய்லர் விட்ட ஒரு இஞ்ச் இரண்டு இஞ்ச்சாகத் தெரிய ஆரம்பித்தது.

அது போதாதென்று வகுப்பறை வேறு. முதல் நாள் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டு, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி பூனைப்படம் போட்ட பைஜாமாவில் இருந்தாள். பக்கத்தில் ஒருவன் ரப்பர் செருப்பும் தொப்பியும். பாடம் நடத்த வந்த பேராசிரியர் அரை டிரவுசரில் வந்தார். தொப்பிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப அன்பாக, "இன்றைக்கு உனக்கு இன்டர்வியூவா? ஆல் தி பெஸ்ட்" என்றான். அடுத்த நாளும் அப்படியே போனேன். "நேற்றைய இன்டர்வியூ என்ன ஆச்சு?" என்று கேட்டான். கிண்டல்கூட இல்லை, உண்மையான அக்கறை. அதுதான் தாங்கவில்லை.

என் ரூம்மேட் சென்னைக்காரன். அவன் அக்கறையெல்லாம் காட்டவில்லை. "ஏன் மச்சி இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி சுத்துற? இங்க எவன்டா இன் பண்றான்? ஒரு ஸ்வெட்ஷர்ட் வாங்கு, ஒரு ஜீன்ஸ் வாங்கு, மேட்டர் ஓவர்" என்றான். வாங்கினேன். நெஞ்சில் பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்த சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட். திருநெல்வேலித் துணியெல்லாம் பெட்டியோடு கட்டிலுக்கடியில் போனது.

உம்மாவுக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நிமிடக் கணக்கில் தீரும் காலிங் கார்டு போட்டுப் பேசும்போதெல்லாம், "அந்த நீலச் சட்டையப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு வாப்பா" என்பாள். ஆசையாக இருந்தால் மகனை வாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் குளிரைச் சொல்வேன், பரீட்சையைச் சொல்வேன். ஒரு தடவை போட்டுத்தான் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடியில், கொடியில் காயப்போட்ட சட்டைக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். ஆனாலும் ஒரே ஒரு தடவையாவது அந்தச் சட்டையில் நாலு பேர் நடுவே நான் நன்றாகத் தெரிய வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

ஜனவரியில் அவன் வந்து சேர்ந்தான். லியோனுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். எங்கள் லேபில் ஒரு வருடம் படித்துவிட்டுப் போக வந்தவன். ஈராக் போருக்கு வரமாட்டோம் என்று சொன்னதற்காக, அந்தக் குளிர்காலத்தில் டிவியைப் போட்டாலே பிரெஞ்சுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு பெண்ணும் டிவி பார்க்கவில்லை போலிருக்கிறது.

என்ன போட்டுக்கொண்டு வந்தான் என்கிறீர்கள்? காலர் வைத்த சட்டை, பேன்ட், தோல் பெல்ட், பாலிஷ் போட்ட தோல் ஷூ. அதேதான். நான் முதல் நாள் போட்டுக்கொண்டு போன அதே சாமான்கள்தான். மேல் பட்டனைத் திறந்துவிட்டிருந்தான், கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான், கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றியிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். அவனை யாரும் இன்டர்வியூவா என்று கேட்கவில்லை. பூனைப் பைஜாமா அவனைப் பார்த்து, "உன் ஸ்டைல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றாள். தொப்பிக்காரன் அந்த ஷூ எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். முதல் நாளே பக்கத்தில் பாலிஷ் போட்ட ஷூவோடு ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அது கண்ணில் படவில்லையா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

இன்னொன்று. எங்கள் வீட்டில் நேற்றுப் போட்டதை இன்று போட்டால் உம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள். பிஸ்கட்டவேயிலும் ஒரே ஸ்வெட்ஷர்ட்டோடு மூன்றாம் நாள் போனால், லாண்டரி மெஷின் ரிப்பேரா என்பார்கள். இவன் ஒரு கருநீல ஸ்வெட்டரைத் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டான். இரவில் ஜன்னலோரம் நாற்காலியில் காற்றாட விரித்து வைப்பானாம், காலையில் எடுத்து மாட்டிக்கொள்வானாம். அதற்கும் ஒரு பாராட்டு. குறைவாக வைத்துக்கொண்டு நன்றாக உடுத்துகிறானாம். என் பெட்டியில் ஆறு செட் கிடந்தது, எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

பாலங்களின் அதிர்வு பற்றிய ஒரு ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார்கள். பழகிப் பார்த்தால் அருமையான ஆள். கணக்கில் நான் தப்பு விட்டால் சத்தமில்லாமல் திருத்துவான். ஒரு நாள் கேம்பஸ் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பைஜாமாவோடு காபி வாங்கப் போகும் கும்பலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "எங்கள் ஊரில் ரொட்டி வாங்கப் போனால்கூட இப்படிப் போகமாட்டோம். தெருவில் மற்றவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள் அல்லவா? அது அவர்களுக்குத் தருகிற மரியாதை." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கள் வாப்பா பால் வாங்கப் போகும்போது சொல்வது. ரூமுக்கு வந்து ரூம்மேட்டிடம் சொன்னேன். "சூப்பர்டா, என்ன ஒரு தாட்! அவனுங்க கல்ச்சரே வேற லெவல்" என்றான். இதையே என் வாப்பாவும் சொல்வார் என்றேன். "உங்க அப்பா சும்மா ஓல்டு டைப்டா" என்றான். அன்றைக்கு அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் டிபார்ட்மென்ட்டில் ஓபன் ஹவுஸ் வந்தது. புதிதாகச் சேர விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து சுற்றிப் பார்க்கும் நாள். எங்கள் ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு போஸ்டர் வைக்கச் சொன்னார்கள். போட்டோ எடுத்து வெப்சைட்டில் போடப்போவதாகவும் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே முந்திக்கொண்டு உம்மாவிடம் சொன்னேன். "உம்மா, நீலச் சட்டையப் போட்டுட்டு நிக்கப்போறேன். நெட்டுல வரும். தங்கச்சிய பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு." அவள் அங்கிருந்தே வாப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

முந்தின நாள் சாயங்காலம் கார்ப்பெட்டில் போர்வையை மடித்து விரித்து இஸ்திரி போட்டேன். கோடு கோடாக, காலர், கை, எதையும் விடவில்லை. லூஸாகத் தெரியாமலிருக்க முதுகில் இரண்டு ஊக்குக் குத்திப் பார்த்தேன், முன்பக்கம் பார்த்தால் பரவாயில்லை. முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து நின்றுகொள்ளலாம் என்று முடிவு செய்து ஹேங்கரில் மாட்டினேன்.

போஸ்டர் என் அறையில் இருந்ததால் காலையில் அவன் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. கதவைத் திறந்தால் நனைந்துபோய் நிற்கிறான். ரோட்டோரம் கரைந்துகிடந்த பனிச்சேற்றை ஒரு கார் வாரி அடித்துவிட்டது. துரை கோட்டுக்குப் பட்டன் போடமாட்டார், போட்டால் அழகு கெட்டுவிடும். அதனால் சட்டை நெஞ்சிலிருந்து வயிறு வரை காபி நிறம். "மன்னித்துக்கொள், உன்னிடம் ஒரு சட்டை கிடைக்குமா?" என்றான். நான் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். உள்ளே எல்லாம் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்து சுருங்கியிருந்தது. நிமிர்ந்தபோது அவன் ஹேங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓ, இது எவ்வளவு அழகான துணி" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்தான். வீட்டுக்கு வந்தவன் நனைந்து நிற்கிறான், வாய்விட்டுக் கேட்கிறான். எங்கள் வளர்ப்பில் அதற்கு இல்லை என்று சொல்ல வார்த்தை கிடையாது. ஊக்குகளைக் கழற்றிக் கொடுத்தேன். வேறொன்றை இஸ்திரி போட நேரமில்லை, பஸ் வரும் நேரம். நான் சாம்பல் ஸ்வெட்ஷர்ட்டை மாட்டிக்கொண்டு திரும்பினால், என் சட்டை அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. கச்சிதம். எங்கேயும் ஒரு சுருக்கமில்லை. மேலப்பாளையத்து டெய்லர் எனக்கு வரப்போகிற உடம்பை நினைத்துத் தைத்தார். அந்த உடம்பு லியோனிலிருந்து வந்துவிட்டது. ரூம்மேட் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "செம ஷர்ட்!" என்றான். பெட்டியில் அதைப் பத்துத் தடவை பார்த்தவன் அவன்.

ஓபன் ஹவுஸில் எல்லாரும் அவனிடமே வந்தார்கள். பாலம் எப்படி அதிர்கிறது என்று நான் சொன்னேன், அவர்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். டிபார்ட்மென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா காலரைத் தொட்டே பார்த்துவிட்டார். "பாரிஸில் வாங்கியதா?" என்று கேட்டார். அவன் நேர்மையான ஆள். "இல்லை, இது இவனுடையது. இவன் ஊரில் தைத்தது" என்று என்னைக் காட்டினான். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஸ்வெட்ஷர்ட்டைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நீ பொல்லாத கேலிக்காரன்" என்று சிரித்தார். அவன் மறுபடி விளக்கப் பார்த்தான். நான் விடு என்று சைகை காட்டினேன். எவ்வளவு விளக்கினாலும் அந்தச் சட்டை என்மேல் வந்து ஏறப்போவதில்லை.

போட்டோ எடுக்கும்போது போஸ்டரின் ஒரு முனை சுருண்டுகொண்டே இருந்தது. படம் எடுத்தவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் வெப்சைட்டில் வந்தது. நடுவில் நீலச் சட்டையில் பிரெஞ்சுக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் போஸ்டரைப் பிடித்தபடி ஒரு கை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மனமே இல்லாமல் செய்தேன். உம்மா உடனே எடுத்தாள். "பாத்தோம் வாப்பா! சட்டை என்ன எடுப்பா இருக்கு! நான் எடுத்ததுலா. ஆமா, போட்டிருக்க பிள்ள யாரு? ராசா மாதிரி இருக்கான். நீ எங்க, காணும்?"

"கூடப் படிக்கிறவன் உம்மா. பிரான்ஸ்காரன். அவன் சட்டை நனஞ்சிருச்சு, அதான் குடுத்தேன். நான் பக்கத்துலதான் நின்னேன். அந்தக் கை என்னோடது."

"நனஞ்சு நின்ன பிள்ளைக்குக் குடுத்ததா? நல்ல காரியம்" என்றாள். என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உன் கூட்டாளிக்கும் ஒண்ணு தைச்சு அனுப்பட்டுமா? அடுத்த மாசம் நம்ம ஊருல இருந்து அங்க ஆள் வருது, குடுத்து விடுதேன். அந்தத் துணி அவனுக்கு அப்பிடிப் பொருந்துது. அளவு மட்டும் கேட்டுச் சொல்லு."

பிரெஞ்சுக்காரன் எங்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டான்.

"அளவெல்லாம் கேக்க வேண்டாம் உம்மா. டெய்லர்ட்ட இருக்கிற என் அளவுலயே தைக்கச் சொல்லு. அவனுக்குச் சரியா இருக்கும்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு ரெண்டு இஞ்ச் பிடிச்சுத் தைக்கச் சொல்லு."

அவள் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு இஞ்ச்சா? ஏல, நீ அங்க சாப்பிடுதியா இல்லியா?"

என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது, நேற்று என்ன, இன்றைக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். நடுவில் வாப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை இளைத்துவிட்டான் என்று அழுகிற குரலில் சொன்னாள். கார்டு தீரும்வரை பிரெஞ்சுக்காரனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.