கழட்ட முடியாத அறுபது கிலோ

இது நடந்தது. கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்ற கதை இல்ல. நம்பாதவங்க உச்சிப்புளி எடை மேடையில போயி விசாரிச்சுட்டு வாங்க. கரி லாரிக்கு எடை போடுற அந்த மனுசன் இன்னும் அங்கனதான் உக்காந்திருக்காரு. பேய்னா ராத்திரியிலதான் வரும், மல்லியப்பூ வாசம் அடிக்கும், கொலுசுச் சத்தம் கேக்கும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தா அதை மொதல்ல மறந்துருங்க. இது பட்டப்பகல்ல வந்தது. அதுவும் கோவமா வந்தது. அந்தக் கோவத்துல ஒரு தப்பும் இல்லன்னுதான் நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லுவேன்.

கருக்கனேந்தல் நாகநாதனுக்கு ஒரே மகன் மருதுபாண்டி. நாகநாதன் ஊருக்குப் பெரிய ஆளு. வயக்காடு, தோப்பு, போர்செட்டு எல்லாம் உண்டு. நாக்குதான் சாட்டை. அந்தப் பக்கத்துலயே மொத மொத டர்போ டீசல் கான்டசா காரு வாங்கினவரு அவருதான். டர்போன்னா இஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி ஊதுற சாமான். மிதிச்சா ஒரு விசில் சத்தத்தோட வண்டி பாயும். ஆனா என்ன காரணமோ, ரெண்டே வருசம் ஓட்டிட்டு கொட்டாய்க்குள்ள போட்டுட்டாரு. கோழி அடைகாத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

மருதுவுக்கு அந்த வண்டிமேல ஒரு கண்ணு. 2005-ல கோயமுத்தூர் பக்கம் புதுசா ஓட்டுறவங்களுக்குன்னு ஒரு ராலி போட்டி அறிவிச்சாங்க. மண்ணு ரோட்டுல, காட்டுப் பாதையில வெரட்டி ஓட்டணும். இவனுக்குச் சின்ன வயசுலேருந்து வேற கனவே கிடையாது. போயி அய்யா முன்னாடி நின்னான்.

"ஒரே ஒரு தடவ," ன்னாரு நாகநாதன். "முழுசா ஓட்டி முடிச்சுட்டு வந்தா உன் இஷ்டம். பாதியில நின்னு வந்தே... டிராக்டர்ல ஏறு. சாகுற வரைக்கும் எறங்காத."

அவ்வளவுதான். அந்த ஒரு தடவைதான் மருதுவோட உசுரு.

இராமநாதபுரத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருந்த ஹமீது சுல்தான் இவனோட பள்ளிக்கூடத்துச் சேக்காளி. வாய்த்துடுக்கு, முன்கோவம், ஆனா கூட்டாளின்னா தோலை உரிச்சுக் குடுப்பான். போட்டியில பக்கத்துல உக்காந்து வழி சொல்லப் போறவனும் அவன்தான். வண்டிய ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துட்டு வந்து, இஞ்சினை இறக்கி ஏத்தி ஓட வச்சாங்க. வண்டிப் புத்தகத்துல போட்டிருந்த எடையையும் குறிச்சு வச்சுக்கிட்டாங்க. ராலிக் காருக்குப் பாரம்தான் எதிரி. பின் சீட்டு, தரை விரிப்பு, ஏசி, கதவு அட்டை, எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சாங்க. கழட்டுன சாமானைப் பழைய இரும்புக்காரன் தராசுல நிறுத்தா நூத்திப்பத்து கிலோ. சந்தோசமா உச்சிப்புளி மேடையில ஏத்தினா, புத்தகத்துல உள்ளதவிட வெறும் அம்பது கிலோதான் கொறைஞ்சிருக்கு.

"எல்லாரும் எறங்குங்கப்பா," ன்னாரு எடைக்காரர், சன்னல் வழியா எட்டிப் பாத்து.

"எறங்கியாச்சுண்ணே."

"பின்னாடி?"

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. வெறும் தகரத் தரை.

"பின்னாடி சீட்டே இல்லண்ணே," ன்னான் ஹமீது.

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

மருதுவுக்கு வந்துச்சே ஒரு கோவம்! "ஏலே, எதையோ கழட்டாம ஏமாத்துற நீ. மிச்ச அறுபது கிலோ எங்கடா?" ன்னு நடுரோட்டுல ஹமீது சட்டையப் புடிச்சுட்டான். "யார்றா ஏமாத்துறது? உன் வீட்டு ஓட்டை வண்டிக்கு நான் சோறு தண்ணி இல்லாம உழைக்கிறேன், திருடன்னு வேற பேரா?" ன்னு அவனும் எகிறினான். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே வண்டிய இன்னொரு தடவ அலசினாங்க. கழட்ட இனிமே ஒரு திருகாணிகூட மிச்சம் இல்ல.

வண்டி கவுந்தா ஆளு நசுங்காம இருக்க உள்ளுக்குள்ள இரும்புக் குழாய்க் கூண்டு வெல்டிங் பண்ணணும். பண்ணி, மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போனாங்க. திரும்பி வந்து பாத்தா பின்பக்கக் குழாயில, இடது கதவோரமா, ஈரப் பெயிண்ட்ல அஞ்சு விரல் தடம். தொட்டுப் பாத்த தடம் இல்ல. இறுக்கிப் புடிச்சுத் தொங்கின தடம். பெயிண்ட் விரலிடுக்குல பிதுங்கி நின்னுச்சு.

"எவன்டா கைய வச்சது?" ன்னு ஹமீது பக்கத்துக் கடைக்காரங்களோட சண்டைக்கே போயிட்டான்.

சாவி அவன் இடுப்புலதான் இருந்துச்சு.

பின் ஸ்பிரிங்கை மாத்திக் கெட்டியானதாப் போட்டாங்க. அப்பவும் வண்டி பின்பக்கம் இடது பக்கமா இறங்கியே நின்னுச்சு... ஆளு உக்காந்த மாதிரி.

போட்டிக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. கருக்கனேந்தல் கண்மாய்க்கரை மண்ணு ரோட்டுல ஓட்டிப் பாக்கக் கெளம்பினாங்க. நல்ல உச்சி வெயில். கருவேலங்காடு அசையாம நின்னுச்சு. ரெண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டுனாங்க. மருது மிதிச்சான். டர்போ விசிலடிச்சுச்சு.

அந்த விசிலுக்கு அடியில இன்னொரு சத்தம்.

ம்ம்ம்... ம்ம்ம்ம்...

பல்லைக் கடிச்சுக்கிட்டு யாரோ மொனகுற சத்தம்.

"டர்போ பேரிங் போகுது மாப்ள," ன்னு கத்தினான் ஹமீது.

மருதுவுக்கு அப்படித் தோணல. ஹெல்மெட் போட்டா வெளிச் சத்தம் மங்கணும். இது காதுக்குள்ளயே கேட்டுச்சு. பிடரியில சூடா மூச்சுக்காத்து பட்டுச்சு.

மண்ணு ரோடு முடிஞ்சு மெயின் ரோட்டுல ஏறினாங்க, காலனிக்குப் பிரியுற விலக்கு வந்துச்சு. பிரேக்கை யாரும் தொடல.

வண்டி நின்னுருச்சு.

இஞ்சின் மட்டும் நிக்கல. ஏறுச்சு. இன்னும் ஏறுச்சு... காடே அதிர்ற மாதிரி அலறுச்சு. மருது சாவியத் திருப்பினான். நிக்கல. சாவியப் புடுங்கிட்டான்.

நிக்கல.

"சீல் போயிருச்சு! சொந்த ஆயிலைக் குடிச்சு ஓடுது! எறங்குடா!" ஹமீது குதிச்சு, பானெட்டைத் தொறந்து, காத்துப் போற குழாயில சாக்கைத் திணிச்சான். காத்து இல்லாட்டி எந்த இஞ்சினும் சாகணும்.

இது சாகல.

"யா அல்லாஹ்..."

இடது பின் கதவு தானாத் தொறந்துச்சு.

படார்னு மூடுச்சு.

தொறந்துச்சு.

மூடுச்சு.

உள்ள யாரும் இல்ல.

"பூமயிலு!"

விலக்குல, களை வெட்டியக் கையில புடிச்சு ஒரு பொம்பள நின்னா. காலனி ராக்கு. கூலி வேலைக்குப் போறவ. நேரா வந்து கதவுமேல கைய வச்சா. "போதும்டி தங்கம்... போதும்."

இஞ்சின் அடங்குச்சு.

ரெண்டு பேரும் செலையா நின்னாங்க. ராக்கு மருதுவத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வைக்கே அவன் ரெண்டடி பின்னாடி போனான்.

"இந்தப் பாழாப்போன வண்டி இன்னும் ஓடுதா? நாகநாதன் மகன்தானே நீ?"

"ஆமாக்கா..."

"அக்கான்னு சொல்லாத. எனக்கு ஒரே தங்கச்சி இருந்தா, பூமயிலு. நெறமாசம். வலி எடுத்துருச்சு. பஸ் இல்ல. உங்கய்யன் டவுனுக்குப் போறான்னு கால்ல விழுந்து ஏத்தினோம், நானும் கூட ஏறினேன். இந்த விலக்கு வரும்போது பனிக்குடம் ஒடைஞ்சுருச்சு. சீட்டு நனைஞ்சுச்சு. நிறுத்துனான். 'எறங்குடி, புது சீட்டு'ன்னான். அவ எறங்க மாட்டேன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டா. விரல் விரலாப் பிரிச்சு எடுத்து... இந்தா, இந்தத் தார்மேல தள்ளிட்டுப் போனான். இதே வெயில்ல. மாட்டுவண்டி வாரதுக்குள்ள போயிட்டா. புள்ள வெளிய வரவே இல்ல."

ஹமீது குந்தி உக்காந்து மொகத்தை மூடிக்கிட்டான்.

மருது கேட்டான். "இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"நான் என்ன செய்யச் சொல்ல? அவ எறங்கவே இல்லய்யா. எறங்கணும்னா தள்ளுனவன் வாசல்லதான் எறங்குவா."

"வேணாம் மாப்ள," ன்னான் ஹமீது. "வண்டிய இப்படியே விட்டுட்டு வா. ராலியாவது மயிராவது."

மருது கேக்கல. தனியா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனான். இஞ்சின் பசு மாதிரி அமைதியாப் போச்சு. சத்தமே இல்ல. அதுதான் அவனுக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

நாகநாதன் சாப்பிட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தாரு.

"அய்யா. காலனிப் பூமயிலை நடு ரோட்டுல தள்ளிவிட்டீங்களா?"

இல்லன்னு சொல்லுவாருன்னு எதிர்பாத்தான். சொல்லியிருந்தா நம்பியிருப்பான், பெத்த அப்பன்தானே.

"அதுக்கென்ன இப்ப? சீட்டு நாத்தம் போக எனக்கு ஒரு மாசம் ஆச்சு," ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

மருது வெளிய வந்தான். வண்டிய வாசப்படிய ஒட்டி நிறுத்தி, இடது பின் கதவை விரியத் தொறந்தான். போட்டிக்காகச் செஞ்சானா, அப்பன்மேல உள்ள ஆத்திரத்துல செஞ்சானான்னு கேட்டா, ரெண்டும்தான். மறைக்க என்ன இருக்கு?

"எறங்கு தாயி. வீடு வந்துருச்சு."

கிரீச்...

ஸ்பிரிங் சத்தம். வண்டி பின்பக்கம் நாலு விரல்கடை மேல ஏறுச்சு.

வீட்டுக் கதவு அசைஞ்சுச்சு.

அவன் திரும்பிப் பாக்கல. ஏறினான். போயிட்டான்.

ஹமீது டர்போவப் பிரிச்சுப் பாத்தான். சீல்ல ஒரு குறையும் இல்ல, ஒரு சொட்டு ஆயில் கசியல. கோயமுத்தூர்ல வண்டி பறந்துச்சு. பெரிய எடமெல்லாம் புடிக்கல. ஆனா முழுசா ஓட்டி முடிச்சான். கைதட்டுனாங்க, தோள்ல தட்டுனாங்க. இனி டிராக்டர் இல்ல, அய்யா வாக்கு இருக்கு. சந்தோசத்துல அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டான். ஆத்தா இராமலட்சுமி எடுத்தா.

"ஆத்தா, முடிச்சுட்டேன்! அய்யாட்ட குடு."

"அய்யா எந்திரிக்க முடியாம கெடக்காரு தம்பி. கண்ணு தொறந்துதான் இருக்கு. கை கால் வரல, பேச்சு வரல," ன்னா. அடுப்புல பால் வச்சதைச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா. "ஆமா... நீ எறக்கி விட்டுட்டுப் போனியே ஒரு வயித்துப்புள்ளக்காரி, அவ எந்த ஊரு? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா."

"ஆத்தா... நீ வீட்டை விட்டு வெளிய வா. இப்பவே வா."

"எப்படிடா வாரது? பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டா?" போனுக்குப் பின்னாடி கைப்புள்ள வீறிட்டு அழுகுற சத்தம். "உங்கய்யா படுத்திருக்குற கட்டில்லயேதான் நேத்துப் பெத்தா. நான்தான் கொடி அறுத்தேன்."