சொல்லாமல் தூங்கிய கருவி

என் தங்கையின் புருஷனுக்கு ஏறாவூர்ப் பக்கம், வாவிக் கரையில் ஒரு இறால் குளம் இருக்கிறது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் எங்கள் இரண்டு பேரின் போனிலும் அலாரம் அடிக்க வேண்டும் என்று, ஒரு சின்னக் கணினியையும் தண்ணீரை அளக்கும் கருவியையும் அங்கே நான்தான் பொருத்திக் கொடுத்தேன். என் தொழிலே நிரல் எழுதுவதுதான்.

ஒருநாள் விடியற்காலை மச்சான் கோல் எடுத்தார்.

"மச்சாள், இறால் எல்லாம் மேல வந்து மிதக்குது. கரண்ட் இல்ல, தண்ணிக்குக் காத்தடிக்கிற மோட்டர் நிண்டு போய்க் கிடக்கு. உங்கட அலாரம் ஏன் அடிக்கல்ல?"

போனைப் பார்த்தேன். ஒட்சிசன் நல்ல அளவில் இருப்பதாகக் காட்டியது. "இஞ்ச நல்லாத்தானே காட்டுது" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் கண்ணால பாக்கிறது என்ன?" என்றார்.

என் வீடு இருக்கும் புளியந்தீவிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அவர் ஜெனரேட்டரைப் போட்டிருந்தார். இறால்களில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. தங்கை இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையால் அள்ளிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கரையிலேயே உட்கார்ந்து அந்தச் சின்னக் கணினியைத் திறந்தேன். கரண்ட் போனதும் அது பற்றரிக்கு மாறியிருக்கிறது. பற்றரியை மிச்சம் பிடிக்கும் வேறொரு நிரல், அளக்கும் கருவியின் மின் அமைப்பை மாற்றித் தூங்க வைத்திருக்கிறது. என் நிரலுக்கு அது தெரியாது. கடைசியாகக் கிடைத்த அளவையே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

கருவிகளையெல்லாம் ஆளுவது கேர்னல் என்ற அடிநிரல். கருவியைச் செருகினால், கழற்றினால், மேலே ஓடும் நிரல்களுக்கு அது அறிவிக்கும். ஆனால் மின் அமைப்பை யாராவது மாற்றினால் வாய் திறக்காது. அந்த நிரல் கேட்ட மாற்றத்தைத் தன் கையாலேயே செய்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறது! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி வாவிக்குள் எறிந்திருப்பேன்.

கருவி தூங்கிப் போனதென்று சொன்னேன். "யார் நித்திரையாக்கினது?" என்று மச்சான் கேட்டார்.

"அதுக்குள்ள இருக்கிற இன்னொரு நிரல்."

"ஒரே பெட்டிக்குள்ள இருந்துகொண்டு ஒண்டுக்கு ஒண்டு சொல்றல்லையா?"

நானும் அதைத்தான் கேட்டேன். அந்த மின் அமைப்பு மாறும்போதெல்லாம் கேர்னலே அறிவிக்கும்படி ஒரு திருத்தம் எழுதி, கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். இது யாருக்குத் தேவை, உங்கள் நிரல் கருவியை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டால் போதாதா என்று ஒருவர் பதில் எழுதினார். ஓயாமல் எட்டிப் பார்த்தால் பற்றரிதான் தீரும். குளத்தில் நடந்ததை விவரமாக எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். அதற்கும் இல்லை.

கடைசியில் குளத்துக் கணினிக்கு மட்டும் என் திருத்தத்தைச் சேர்த்த கேர்னலைப் போட்டேன். மச்சான் முன்னால் மெயின் சுவிட்சை நிறுத்திக் காட்டினேன். கருவியைத் தூங்க வைத்த உடனே அறிவிப்பு வந்தது. என் நிரல் அதை எழுப்பியது, கருவி தூங்கிவிட்டதென்று எங்கள் போன்களையும் அடிக்கச் செய்தது.

"ஓம், அடிக்குது" என்றார். அவ்வளவுதான். விடிய முன்னம் டோர்ச்சோடு குளத்தைச் சுற்றிவருவதை அவர் இன்னும் விடவில்லை.

ஒவ்வொரு முறை புதிய கேர்னல் வரும்போதும் என் திருத்தம் அதில் பொருந்தாமல் போகிறது. போன கிழமையும் ஒன்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அதைத்தான் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.